மார்க் பார்த்து எடுத்த குவாட்டர்பாக்

நான் என்னுடைய குவாட்டர்பாக்கை மார்க் பார்த்துத்தான் எடுத்தேன்.

கனடாவில், பிறம்ரனில் நான் வேலை செய்யும் வெயர்ஹவுஸில் செப்ரெம்பர் பிறந்தால் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு காட்போட் மட்டை தொங்கும். அமெரிக்க ஃபுட்போல் தொடங்கும் மாதம் அது. நாங்கள் ஊரில் காலால் உதைத்த விளையாட்டு அல்ல. கூர் முனைப் பந்தைக் கையால் எறிகிற விளையாட்டு. ஒவ்வொரு அணியிலும் குவாட்டர்பாக் என்று ஒருவன் இருப்பான். பந்து முதலில் அவன் கைக்கு வரும். எதிரணியின் தடியன்கள் ஓடிவந்து அவனை விழுத்துவதற்கு மூன்று நான்கு விநாடி எடுக்கும். அதற்குள் யாருக்கு எறிவது என்று அவன் முடிவெடுத்துவிட வேண்டும். சாப்பாட்டு அறையில் பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஒரு குவாட்டர்பாக்கின் பெயரை மட்டையில் எழுதுவோம். சீசன் முடியும்போது யாருடைய ஆள் கடைசியோ, அவர் எல்லோருக்கும் ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு கொண்டுவர வேண்டும்.

நான் முதல்முதலாகப் பெயர் எழுதிய வருடத்தில் எனக்கு ஆட்டமே விளங்காது. சாமான் தூக்குகிற எங்கள் போர்க்லிஃப்ற் வண்டிகளைத் திருத்துகிற கனடாக்காரக் கிழவர் ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் பள்ளிக்கூட அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர்தான் பேச்சுவாக்கில் சொன்னார், இந்தப் பையன்களைப் பெரிய லீக்குக்கு எடுக்கும் முன் புத்திக்கூர்மைச் சோதனை ஒன்று வைப்பது வழக்கம் என்று. ஐம்பது கேள்வி, பன்னிரண்டு நிமிடம். யார் எத்தனை எடுத்தான் என்பது எப்படியோ பத்திரிகைக்கும் கசிந்துவிடுமாம்.

மார்க் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்துவிட்டது. நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் தொடங்கி, தேறுவதற்கான வெட்டுப்புள்ளியைப் பார்த்தே வளர்ந்த ஆள். எங்கள் வீட்டுக்கு வருகிற எந்தப் பிள்ளையையும் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் எத்தனை மார்க் என்றுதான் கேட்போம். அன்றைக்கே போனில் தேடி, ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஆகக் கூடிய மார்க் எடுத்தவனாகப் பார்த்து அவன் பெயரை எழுதினேன். கிழவர் சிரித்தார். அந்த மார்க்குக்கும் ஆட்டத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை என்றும், குறைய எடுத்தவர்களில் கொடிகட்டிப் பறந்தவர்கள் இருக்கிறார்கள், கூட எடுத்தவர்களில் இருந்த இடம் தெரியாமல் போனவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். படிக்காதவர்கள் சொல்கிற சாட்டு என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப்பிறந்த அண்ணன் இல்லை. மட்டக்களப்புக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இருவருக்கும் வீடு மோர்னிங்சைட்டில். அங்கிருந்து பிறம்ரன் போய்வருவதென்றால் நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்வருவதுதான். என்னிடம் அப்போது கார் இல்லை. அண்ணை தன்னுடைய காரில் என்னை ஏற்றி இறக்குவார். விடிய ஐந்து மணி என்றால் நாலு ஐம்பதுக்கே எங்கள் கட்டடத்தின் கீழே வந்து நிற்பார். ஏன் அண்ணை இவ்வளவு வெள்ளன வாறியள் என்றால், "வந்தா வந்ததுதான் தம்பி, இருந்து றேடியோ கேக்கிற" என்பார்.

அவருடைய வேலை, லொறிகள் வந்து நிற்கிற டொக்கில் சாமான் ஏற்றுவது, இறக்குவது. பதினேழு வருடம் கொங்கிறீட் தரையில் நின்று இரண்டு முழங்காலும் போய்விட்டன. கதிரையிலிருந்து எழும்பும்போது முதலில் மேசையைப் பிடிப்பார், பிறகு பல்லைக் கடிப்பார், அதன் பிறகுதான் ஆள் எழும்பும். இருந்து செய்கிற வேலை ஒன்று கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு வருடம் தாக்குப்பிடிக்க மாட்டார் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மனைவிக்குக்கூடச் சொல்லாமல் காரில் வைத்து என்னிடம் சொன்னார்.

அவரும் மட்டையில் ஒரு பெயர் எழுதினார். அவர் மார்க் பார்க்கவில்லை. சாப்பாட்டு அறை ரீவியில் சத்தமில்லாமல் ஓடுகிற பழைய ஆட்டங்களை ரொட்டியைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருவனைக் காட்டி இவன்தான் என்றார்.

"ஏன் அண்ணை உவன்?" என்று கேட்டேன்.

"விழுந்து எழும்பினாப் பிறகு பாருங்க. மற்றவனுகள் அம்பயரப் பாக்கிறானுகள், இல்லாட்டி வானத்தப் பாக்கிறானுகள். இவன் தன்ட ஆக்களப் பாக்கிறான், ஆருக்கும் அடிபட்டிரிக்கோ எண்டு."

நான் சிரித்தேன். உதெல்லாம் ஒரு கணக்கா என்று நினைத்தேன்.

ஒக்ரோபரில் சோதனை எங்களுக்கே வந்தது. எந்த லொறி எந்தக் கதவுக்கு வரவேண்டும், எதை முதலில் ஏற்ற வேண்டும் என்று சொல்கிற மேசை ஒன்று டொக்கின் நடுவில் கண்ணாடி அறைக்குள் இருக்கும். அதில் இருந்தவர் ஓய்வு பெற்றார். முன்னர் என்றால் மனேஜர் ஒருவரைக் கைகாட்டிவிடுவார். அண்ணையைத்தான் காட்டியிருப்பார், அந்த மேசைக்காரர் லீவில் நின்ற நாட்களில் எல்லாம் டொக்கை ஓட்டியவர் அண்ணைதான். ஆனால் இந்த முறை தலைமை அலுவலகம் சோதனை வைக்கச் சொல்லிவிட்டது. ஐம்பது கேள்வி, பன்னிரண்டு நிமிடம். எனக்குப் புல்லரித்தது. குவாட்டர்பாக்குகளுக்கு வைக்கிற அதே மாதிரிச் சோதனை.

அன்று பின்னேரம் நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அண்ணை றேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, உந்தச் சோதினைக்கு என்னத்தப் படிக்கிற? எனக்கு எட்டாம் வகுப்போட பள்ளி போச்சு. நீங்க படிச்ச ஆள்."

நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"உதுக்குப் படிக்கேலாது அண்ணை. அது மூளையைப் பாக்கிறது. நானும் ஒண்டும் படிக்கேல்லை."

யாழ்ப்பாணத்தில் சோதனை எழுதிய எவருக்கும் இந்த வசனம் தெரியும். மூன்று மாதம் விடியவிடிய விழுந்து விழுந்து படித்துவிட்டு, சோதனை மண்டப வாசலில் நின்று ஒண்டும் படிக்கேல்லை மச்சான் என்று சொல்லுவோம். கேட்பவனும் அதையேதான் சொல்லுவான். யாரும் யாரையும் நம்புவதில்லை. அது ஒரு வகை வணக்கம். என் வாயில் அது பழக்கத்தில்தான் வந்தது. ஆனால் அண்ணை அந்த வாசல்களில் நின்றவர் இல்லை. அவர் அதை நம்பினார். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு றேடியோவைக் கூட்டினார். நம்பிவிட்டார் என்பது எனக்கு அந்த இடத்திலேயே தெரியும். வாய் திறக்கத்தான் மனம் வரவில்லை.

ஏனென்றால் நான் படித்துக்கொண்டிருந்தேன். என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தனி வகுப்புக்குப் பிரிக்கிற சோதனை ஒன்று பள்ளிக்கூடத்தில் உண்டு. பிள்ளையை அதற்கு ஆயத்தப்படுத்த வேண்டாம் என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். எங்கள் ஆட்கள் அதைக் கேட்டுவிட்டு நேரே புத்தகக் கடைக்குப் போனார்கள். மனைவி வாங்கிவந்த பயிற்சிப் புத்தகம் என்னுடைய சோதனைக்கும் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. மகள் பார்த்து எழுதிவிடுவாள் என்று மனைவி விடைப் பக்கங்களைப் பிளேடால் வெட்டி மேசை லாச்சிக்குள் வைத்திருந்தாள். மூன்று கிழமை, வேலையால் வந்ததும் நான் குசினி மேசையில் இருந்து எழுதுவேன். மகள் எதிரில் இருந்து நேரம் பிடிப்பாள். "அப்பா, ரைம்ஸ் அப். பென்சிலை வையுங்கோ" என்பாள். பிறகு மனைவி எடுத்துக் கொடுக்கிற விடைப் பக்கத்தை வைத்துத் திருத்தி, மார்க் போட்டு, பக்கத்தில் ஒரு தங்க நட்சத்திர ஸ்ரிக்கர் ஒட்டி "வெரி குட் அப்பா" என்று எழுதுவாள். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் சோதனைக்கும் படித்ததில்லை.

சோதனையில் எனக்குத்தான் ஆகக் கூடிய மார்க். அண்ணை வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் பாதிக் கேள்விக்கு மேல் போகவே இல்லையாம். ஒவ்வொன்றையும் நின்று நிதானித்து யோசித்திருக்கிறார். கண்ணாடி அறைக் கதிரை எனக்கு வந்தது. அன்றைக்கும் அண்ணைதான் என்னை வீட்டில் இறக்கினார். "உங்களுக்குக் கிடைச்சது நல்லம் தம்பி, படிச்ச படிப்பு வீண் போகல்ல" என்றார். அவர் குத்திக் காட்டவில்லை. அதுதான் எனக்குக் குத்தியது.

சீசன் ஓடியது. என்னுடைய குவாட்டர்பாக் ஒவ்வொரு கிழமையும் பந்தை எதிரணிக்காரன் கையில் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். டிசெம்பரில் அவனை ஆடவிடாமல் கரை வாங்கில் இருத்திவிட்டார்கள். அண்ணையின் ஆள் மட்டையில் இரண்டாம் இடத்துக்கு ஏறினான். ஜனவரியில், கடைசியாக வந்த கடனுக்கு, நான் ஸ்காபரோக் கடை ஒன்றில் அறுபது மட்டன் றோல் எடுத்துப் போய்ச் சாப்பாட்டு அறையில் வைத்தேன். கிழவர் நாலு றோல் சாப்பிட்டுவிட்டு, இந்த ருசிக்காக அடுத்த வருடமும் மார்க் பார்த்தே எடு என்றார்.

அது பகிடி. பகிடி இல்லாதது பெப்ரவரியில் வந்தது. முதல் நாள் முழுக்கக் கொட்டிய பனியில் வீதிகள் மூடிக் கிடந்ததால் வரவேண்டிய லொறிகள் வரவில்லை. மறுநாள் காலை எல்லாம் ஒன்றாக வந்து முற்றத்தை அடைத்துக்கொண்டு நின்றன. எட்டுக் கதவு, இருபத்திரண்டு லொறி. கம்பியூட்டர் திரையில் சிவப்புச் சிவப்பாக மின்னியது. மூன்று போன் அடித்தன. சாரதிமார் கண்ணாடியில் தட்டினார்கள். எனக்கு ஒரு கேள்வியும் தெரியாத தாளைக் கையில் தந்த மாதிரி இருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அண்ணை ஒரு கோப்பியோடு உள்ளே வந்து என் பக்கத்தில் குனிந்தார். வெளியில் நின்றவர்களுக்கு, கோப்பி வைக்க வந்தவர் போலத்தான் தெரிந்திருக்கும்.

"அஞ்சாம் கதவ விடுங்க. அந்தச் சிவப்பு லொறிக்காரன் மொன்றியல் போற ஆள், அவன முதல்ல எடுங்க. வாழைப்பழம் ரெண்டாவது. அந்தத் தாடிக்காரர் இரவு முழுக்க லொறிக்க இருந்தவர், அவரக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொல்லுங்க, ஒரு மணித்தியாலம் சத்தம் போடமாட்டார்."

நான் சொன்னேன். மைக்கில் என் குரல், வார்த்தை அவருடையது. அவர் நாலு தரம் வந்தார். கோப்பி, பேப்பர், பேனை, கடைசியாக ஒன்றும் இல்லாமல். மத்தியானத்துக்குள் முற்றம் வெளித்துவிட்டது. மனேஜர் வந்து என் முதுகில் தட்டினார். நான் நன்றி என்றேன். கண்ணாடிக்கு வெளியே அண்ணை ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று திரும்பி வரும்போது காரில் சொன்னேன்.

"அண்ணை, நான் உங்களுக்கு ஒரு பொய் சொன்னனான்."

"ம்."

"சோதினைக்கு ஒண்டும் படிக்கேல்லை எண்டனான். மூண்டு கிழமை படிச்சனான். புத்தகம் வைச்சுப் படிச்சனான்."

அவர் வீதியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "முன்னுக்கு இரிக்கிற பெட்டியத் திறங்க" என்றார்.

திறந்தேன். கார்க் காகிதங்களுக்கு மேல் அந்தப் பயிற்சிப் புத்தகம் கிடந்தது. சோதனை அன்று கடைசியாக ஒருமுறை புரட்டிப் பார்க்கவென்று பைக்குள் ஒளித்துக் கொண்டுபோனது, அந்தக் கிழமையே காணாமல் போயிருந்தது. வேலையிடத்தில் எங்கோ விட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

"சீற்றுக்குக் கீழ கிடந்த. உங்கட பிள்ளையிட புத்தகம் எண்டுதான் திறந்த நான். நட்சத்திரம் ஒட்டி அப்பாக்கு வெரி குட் எண்டு எழுதியிரிந்த."

"அப்ப ஏன் அண்ணை என்னட்டக் கேக்கேல்லை?"

"கேட்டா நீங்க மறுகா இன்னொரு பொய் சொல்லோணும். என்னத்துக்கு?"

நாலு மாதம். அந்த நாலு மாதமும் விடிய நாலு ஐம்பதுக்கு என் கட்டடத்தின் கீழே வந்து நின்றிருக்கிறார், இதைத் தெரிந்துகொண்டே. எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. அண்ணை ரிஷூப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

மூக்கைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். என்னுடைய பக்கங்கள் முடிந்த இடத்தில் வேறொரு கையெழுத்து தொடங்கியது. தடித்த பென்சில், அழுத்தி எழுதிய விடைகள். முப்பது பக்கத்துக்கு மேல் இருந்தது.

"நீங்க இறங்கி வரும் வரைக்கும் செய்யிற" என்றார் அண்ணை. "இன்னொரு மேசை போடப் போறாங்க எண்டு கதைக்கிறாங்கதானே. சரியோ பிழையோ தெரியாது. விடைப் பக்கத்தக் காணல்ல."

விடைப் பக்கம் எங்கள் வீட்டு லாச்சிக்குள் இருந்தது.

மறுநாள் நானும் நாலு ஐம்பதுக்கே கீழே இறங்கினேன். காருக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு திருத்தினோம். அவருக்கு விளங்காதது கேள்வி கேட்கிற விதம்தான். விஷயம் எல்லாம் தெரியும். சேராததைக் கண்டுபிடி என்று ஒரு கேள்வி: அப்பிள், தோடம்பழம், வாழைப்பழம், கரட். அண்ணை வாழைப்பழத்தைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.

"கரட் அண்ணை. மற்ற மூண்டும் பழம்."

"வாழைப்பழத்த மற்றதுகளோட ஒரே குளிருக்க வைச்சா கறுத்துப்போகும் தம்பி. அத வேற லொறியிலதான் போடோணும். இதக் கேள்வி எழுதின ஆள் டொக்குக்கு வந்திரிக்கிறாரா?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதுதான் எங்கள் வேலைக்குச் சரியான விடை. மார்க் கரட்டுக்கு. இதைத்தான் போர்க்லிஃப்ற் கிழவர் செப்ரெம்பரிலேயே சொன்னார். எனக்கு விளங்கப் பெப்ரவரி வேண்டியிருந்தது. அண்ணைக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: தெரியாததை விட்டுவிட்டு ஓடுங்கோ, யோசிக்காதேங்கோ. நல்ல மனிதருக்குச் சொல்லக்கூடிய புத்தி அல்ல அது. ஆனால் அந்தச் சோதனைக்கு அதுதான் வழி.

பங்குனியில் இரண்டாவது மேசையை அறிவித்தார்கள். ஒரு கதிரை. டொக்கில் எங்களோடு சாமான் ஏற்றுகிற பஞ்சாபிப் பெண் ஒருத்தி சாப்பாட்டு அறையில் அண்ணையிடம் வந்து, சோதனைக்கு ஏதாவது படிக்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். என் வாய்க்குள் அந்தப் பழைய வசனம் தானாக உருண்டு வந்து நின்றது. அண்ணை பையைத் திறந்து புத்தகத்தை எடுத்து, விடைப் பக்கங்களையும் சேர்த்து அவளிடம் கொடுத்தார். சனி ஞாயிறு வைத்துப் பார்த்துவிட்டுத் திங்கள் தா என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. காரில் ஏறியதும் கேட்டேன்.

"அண்ணை, ஒரு கதிரைதான் கிடக்கு. தெரியுந்தானே?"

"அவவுக்கும் முழங்கால் ரெண்டுதானே தம்பி."



இருவரும் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள். மனேஜர் என்னைக் கூப்பிட்டு, இரண்டு தாளையும் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, யார் பொருத்தம் என்று கேட்டார். பனி நாளில் டொக்கை ஓட்டியது நான் இல்லை, அண்ணைதான் என்று சொன்னேன். கோப்பியோடு வந்தது, நாலு தரம் குனிந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை அதிக நேரம் பார்த்தார். அதன் பிறகு என் முதுகில் அவர் தட்டியதில்லை. கதிரை அண்ணைக்குக் கிடைத்தது. அவர் லீவு நாட்களில் அந்தப் பெண் இருந்து பழகட்டும் என்று முடிவாயிற்று.

முதல் நாள் காலை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணை இருந்தார். நான் உள்ளே போனபோது கையைக் காட்டினார், எழும்பவில்லை.

"எத்தின மார்க் எண்டு நீங்க கேக்கல்லையே தம்பி" என்றார்.

"இல்லை அண்ணை."

"நல்லம். மகளிட்ட எனக்கொரு நட்சத்திரம் வாங்கி வாங்க."

பின்னேரம் மகளிடம் கேட்டேன். ஸ்ரிக்கர்த் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "அங்கிளுக்கு எத்தனை மார்க்? மார்க் தெரியாமல் எப்பிடி ஸ்ரார் குடுக்கிறது?" என்றாள். வேறு யாருடைய பிள்ளை. பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பனி நாள், வாழைப்பழம், பஞ்சாபிப் பெண்ணுக்குக் கொடுத்த புத்தகம், காரில் நான் சொன்ன பொய், எல்லாம். அந்தப் பொய் வந்த இடத்தில் அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான் தொடர்ந்து சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு இரண்டு நட்சத்திரம் உரித்துத் தந்தாள். ஒன்று அங்கிளுக்கு, மற்றது அந்த அன்ரிக்கு. எனக்குத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.